பெரட்டில் கூப்பிடாத பெயர்

தோட்டத்து ஆபீஸ் முன்னால் நின்ற அங்சானா மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதுதான் எங்களுக்குப் பெரட்டு மணி. விடிகாலை ஐந்து மணிக்குக் காவல்காரத் தாத்தா இரும்புக் கம்பியால் அதைத் தட்டுவார். தொழிலாளர் வீட்டு வரிசைகளை லயம் என்போம். முதல் லயத்துக்குச் சத்தம் கணீரென்று கேட்கும். நடு லயத்துக்கும் கேட்டுவிடும். ஆற்றோரத்தில் இருந்த எங்கள் கடைசி லயத்துக்குக் காற்று இந்தப் பக்கம் அடித்தால் உண்டு, அந்தப் பக்கம் அடித்தால் இல்லை.

மலேசியாவின் நெகிரி செம்பிலானில், ரந்தாவிலிருந்து லிங்கிக்குப் போகும் சாலையை விட்டு இறங்கி, செம்மண் பாதையில் இரண்டு மைல் உள்ளே போனால் எங்கள் கித்தா (ரப்பர்) தோட்டம். அம்மா பால் வெட்டினார். அப்பாவுக்கு டிராக்டர் வேலை. பரேட் என்ற சொல் தோட்டத்து நாக்கில் பெரட்டு ஆகிவிட்டது என்பதெல்லாம் பள்ளிக்கூடம் போன பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குப் பெரட்டு என்றால் இருட்டும், உளியும், வாளிச் சத்தமும், கிராணி ஐயாவின் டார்ச் வெளிச்சமும்தான். அவர் செக்ரோலைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். "இருக்கேங்க" என்று குரல் வந்தால் ஒரு கோடு. பிறகு எந்த நிரையில் வெட்ட வேண்டும் என்று மண்டோர் சொல்வார். கோடு விழுந்தால் சம்பளம். விழாவிட்டால் அன்றைக்கு நீங்கள் தோட்டத்தில் இல்லை.

மழை பெய்தால் தண்டவாளம் தட்டமாட்டார்கள். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக் கோட்டோடு இறங்காமல் மரத்தின் உடம்பெல்லாம் வழிந்து மண்ணுக்குப் போய்விடும். பால் ஏந்தும் மங்கில் விழுகிற கொஞ்சத்திலும் மழைத் தண்ணீர் கலந்துவிடும். ஆகவே மணி கேட்கவில்லை என்றால் வேலை இல்லை என்று அர்த்தம். கடைசி லயத்தில் இருந்த எங்களுக்கோ, மணி கேட்கவில்லை என்றால் மணி கேட்கவில்லை என்றும் அர்த்தம்.

எனக்கு எட்டு வயதிருக்கும். ஒருநாள் விடிகாலையில் எங்கள் பக்கம் மட்டும் தூறல். மணிச் சத்தம் வரவில்லை. அம்மா தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தார். வானம் வெளுத்த பிறகுதான் சந்தேகம் வந்து ஓடினார். பெரட்டு முடிந்து, செக்ரோலை மூடியாகிவிட்டது. "மணி அடிச்சது ஊருக்கே கேட்டுச்சே" என்றார்களாம். அம்மா திரும்பி வந்து காய்ந்த வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அந்தக் கவிழ்த்த வாளியை இன்றைக்கும் என்னால் படமாக வரைந்து காட்ட முடியும்.

அதற்கு மறுவாரம் கடைசி லயத்துப் பெண்கள் தாங்களாகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். முதல் லயத்தில் மணி கேட்டதும் அங்கிருக்கும் கடைசி வீட்டுக்காரர் அடுத்த லயத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பார். அங்கிருந்து அடுத்த லயம். கடைசியில் எங்கள் வீட்டுக்கு, "அக்கா, மணி அடிச்சிருச்சு!" அம்மா பதிலுக்கு, "கேட்டுச்சுடி, கேட்டுச்சு!" அந்தப் பதில் வரும்வரை கூப்பிட்டவர் ஓயமாட்டார். அந்த ஏற்பாடு வந்த பிறகு கடைசி லயத்தில் ஒருவர்கூட மணி கேட்காமல் ஒரு நாள் சம்பளத்தை இழக்கவில்லை. அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இரண்டே பேர்.

முப்பது வருடங்களுக்குப் பிறகு, சைபர்ஜெயாவில் குளிரூட்டிய அறை ஒன்றில் நான் செய்துகொண்டிருந்ததும் இதே வேலைதான்.

இன்றைய பெரிய மென்பொருள்கள் பல ஒரே நிரலாக ஓடுவதில்லை. பணம் செலுத்துவது ஒரு சேவை, கணக்கைச் சரிபார்ப்பது ஒன்று, குறுஞ்செய்தி அனுப்புவது இன்னொன்று என்று சிறு சிறு சேவைகளாகப் பிரிந்து வேறு வேறு சர்வர்களில் இருக்கின்றன. எந்தச் சேவை எந்த முகவரியில் கிடைக்கும் என்று ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும். அதைச் சர்வீஸ் ரெஜிஸ்ட்ரி என்கிறோம். எனக்கு அது செக்ரோல். சேவை கண்விழித்ததும் தன் பெயரையும் முகவரியையும் அதில் எழுதிக்கொள்ளும். உயிரோடு இருக்கிறேன் என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டிருக்கும். சொல்வது நின்றால் பெயர் நீங்கும்.

ஒரு சேவை இடம் மாறினால் அதை நம்பியிருக்கும் மற்றவற்றுக்கு யார் சொல்வது? இந்தக் கேள்வி பதிவேட்டோடு கூடப் பிறக்கவில்லை என்பதை வேலைக்கு வந்த புதிதில் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. 2000-இல் மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், அரிபா மூன்றும் சேர்ந்து யுடிடிஐ என்ற பதிவேட்டு முறையை அறிவித்தன. 'மாற்றம் வந்தால் எனக்குச் சொல்' என்று சந்தா வைக்கும் வசதி, 2002-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தது. முதலில் ஏடு வந்தது. எடுத்துச் சொல்வது பிறகு வந்தது. உலகத்தில் எல்லா ஏடுகளும் அப்படித்தான் பிறந்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

எங்கள் குழு எடுத்துக்கொண்டது கான்சல் என்ற பதிவேடு. அதில் மாற்றத்தைத் தெரிவிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பதிவேட்டின் நிலைக்கு ஓர் எண் உண்டு. மாற்றம் வரும்போது அந்த எண் ஏறும். கேட்கிற சேவை, "நான் 4117 வரை பார்த்துவிட்டேன், அதற்கு மேல் ஏதாவது வந்தால் சொல்" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும். பதிவேடு உடனே பதில் சொல்லாமல் இணைப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாற்றம் வந்த கணத்தில் புதிய பட்டியலைக் கொடுத்துவிடும். ஒன்றுமே மாறாவிட்டாலும் சும்மா இருந்துவிடாது. வேறு கெடு சொல்லாவிட்டால் ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில், சொன்னாலும் அதிகம் போனால் பத்து நிமிடத்தில், "இன்னும் 4117-தான்" என்ற பொருள்பட ஒரு பதில் வந்துவிடும். கேட்டவர் உடனே மறுபடி கேட்பார்.

அந்த ஐந்து நிமிட பதிலில்தான் எங்கள் கடைசி லயத்தின் பிரச்சினை தீர்ந்திருக்கிறது. மாற்றம் இல்லை என்பதற்கும், செய்தி வந்து சேரவில்லை என்பதற்கும் நடுவில் இருக்கிற இருட்டை அது போக்கிவிடுகிறது. காவல்காரத் தாத்தா மழை நாளில் தண்டவாளத்தை வேறு தாளத்தில் இரண்டு தட்டுத் தட்டியிருந்தால் போதும், அம்மா அன்றைக்கு வாசல்படியில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

ஜூகீப்பர் என்று இன்னொன்று இருக்கிறது. பல காலம் அதில் வாட்ச் வைத்தால் ஒரே ஒரு முறைதான் அடிக்கும். அடித்ததும் அந்த வாட்ச் கழன்றுவிடும், மறுபடி நாம்தான் மாட்ட வேண்டும். அடித்ததற்கும் மாட்டியதற்கும் நடுவில் நடந்த மாற்றம் நமக்குத் தனியாக வந்து சேராது. நாமே போய் ஏட்டை ஒருமுறை முழுதாகப் படித்துக்கொள்ள வேண்டும். நிரந்தரமாக நிற்கும் வாட்ச் 2020-இல் வந்த 3.6 பதிப்பில்தான் கிடைத்தது. அதுவரை இதில் இடறி விழாத குழு குறைவு. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான்: மணி அடித்ததை மட்டும் நம்பி ஓடாதே, போய்ச் செக்ரோலையும் ஒருமுறை பார்.

என் மனதை அசைத்தது யுரேகா. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2012-இல் வெளியே கொடுத்த பதிவேடு அது. அதில் ஒவ்வொரு சேவையும் 30 விநாடிக்கு ஒருமுறை தன் நாடித்துடிப்பைச் சொல்ல வேண்டும். ஒருமுறை சொல்லாவிட்டால் பெயரை அடிக்கமாட்டார்கள். 90 விநாடி, அதாவது மூன்று துடிப்பு தவறினால்தான் பெயர் நீங்கும். அதற்கும் மேலே ஒரு காப்பு உண்டு. வரவேண்டிய துடிப்புகளில் 85 விழுக்காட்டுக்கும் குறைவாக வந்தால் பதிவேடு பெயர்களை நீக்குவதையே நிறுத்திவிடும். இத்தனை பேர் ஒரே சமயத்தில் காணாமல் போயிருக்க முடியாது, கோளாறு என் காதில் இருக்கலாம் என்று அது தன்னையே சந்தேகப்படும்.

இதை முதன்முதலில் படித்த அன்று கணினியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். என் பாட்டி நினைவுக்கு வந்துவிட்டார்.

பாட்டி ஜப்பான்காரன் காலத்துக்கு முன்பே அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாதவருக்குத் தருவது. நாடு சுதந்திரம் பெற்றபோது மனு எழுதிப் போட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள், யாரும் எழுதித் தரவில்லை. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969-லிருந்து குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றானது. கோலாலம்பூரில் ஓர் ஏட்டில் நடந்த மாற்றம் அது. எங்கள் பாட்டிக்கு அது எப்படித் தெரியவந்தது என்றால், ஒருநாள் பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிடவில்லை. அவ்வளவுதான். முன்னால் நின்றவருக்குக் கோடு விழுந்தது, பின்னால் நின்றவருக்குக் கோடு விழுந்தது. வேறு பக்கத்தில் எழுதியிருப்பார்கள் என்று பாட்டி கடைசிவரை காத்திருந்தார். கூட்டம் கலைந்து காட்டுக்குள் போன பிறகும் உளியும் வாளியுமாக அங்சானா மரத்தடியில் நின்றார். "நான் இங்கதான்யா நிக்கிறேன்" என்று சொன்னாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் பாட்டி குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அந்த வருடங்களில் பல்லாயிரம் தோட்டத்துத் தமிழர்கள் இந்த மண்ணை விட்டுப் போனார்கள். எங்கள் லயத்திலிருந்தும் இரண்டு குடும்பங்கள் பாத்திரத்தையும் ஆட்டுக்குட்டியையும் விற்றுவிட்டு ராஜுலா கப்பல் ஏறி நாகப்பட்டினம் போயின. தாத்தாவிடம் குடியுரிமை உள்ளவருக்கான நீல அட்டை இருந்ததால் பாட்டி தங்கிவிட்டார். பக்கத்துச் சின்னத் தோட்டங்களில் நாள் கூலிக்குப் புல் வெட்டினார். பெர்மிட்டுக்கு மனுப் போடலாம் என்ற செய்தி அவரிடம் வந்து சேர்ந்தபோது, போடும் தெம்பு அவரிடம் இல்லை.

ஒரு சர்வருக்கு மூன்று வாய்ப்பு கொடுக்கிறோம். மொத்தமாகப் பெயர்கள் விழுந்தால் நம் காதையே சந்தேகப்படச் சொல்லி நிரல் எழுதுகிறோம். முப்பது வருடம் பால் வெட்டிய ஒரு பெண்ணுக்கு, "உன் பெயரை எடுக்கிறோம், இதற்கு இன்ன மனு உண்டு" என்று அவளுக்குப் புரிகிற தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல அன்றைக்கு ஓர் ஆள் இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க என்னால் இன்றும் முடியவில்லை.

மறுபடி என் வேலைக்கு வருகிறேன். அறிவிப்பு வைக்கும் வேலையில் நிரல் எழுதுவது சுலபமான பகுதி. ஒரு வாட்ச், அது அடித்தால் ஓடவேண்டிய சிறு நிரல் ஒன்று, அரை நாளில் முடிந்துவிடும். கஷ்டமெல்லாம் யாருக்குச் சொல்வது என்ற பட்டியலைத் தயாரிப்பதில்தான். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் அறிவிப்பு வைத்த மூன்றாவது வாரம் ஒரு முக்கியமான சேவையை வேறு சர்வருக்கு மாற்றினோம். பட்டியலில் இருந்த எல்லாவற்றுக்கும் ஒரு விநாடிக்குள் செய்தி போனது. கைதட்டிக்கொண்டோம். மாதக் கடைசியில் பார்த்தால் கணக்கறிக்கை அச்சிடும் பழைய சேவை ஒன்று இன்னமும் பழைய முகவரியைத் தட்டிக்கொண்டிருந்தது. அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய் வருடங்கள் ஆகியிருந்தன. மாதத்தில் ஒரே ஒரு நாள் ஓடும் அது. யாருக்கும் ஞாபகமில்லை. முக்கியச் சேவையின் பழைய முகவரியை யாரோ கையால் அதற்குள்ளே எழுதி வைத்திருந்ததால் பதிவேட்டுக்கும் அதைத் தெரியாது. அந்த மாதம் கடைசி லயம் அதுதான்.

அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தச் சேவையை மாற்றுவதற்கு முன்னாலும் ஒரு முழு மாதம் அதன் வாசலில் யார் யார் வந்து தட்டுகிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். பட்டியலில் இருப்பவர் யார் என்று பார்ப்பதில்லை, வந்து போகிறவர் யார் என்றே பார்ப்பேன். மாற்றிய பிறகு பழைய முகவரியை உடனே மூடமாட்டேன். செய்தி போனது என்பதை ஏற்கமாட்டேன், கிடைத்தது என்று பதில் வர வேண்டும். என்னோடு வேலை செய்த இளைஞர்கள் சிலருக்கு இது நேரத்தை வீணாக்குவதாகப் பட்டது. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆற்றோர லயத்துப் பெண்கள் என்று சொன்னேன்.

எங்கள் தோட்டம் விற்கப்பட்டது 1991-இல். அம்மாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. தலைவிளக்கு வெளிச்சத்தில் வெட்டிக்கொண்டு போனவரின் காலில் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தால் தலையில் சிவப்புச் சாயம் பூசிய மரமுளை. அடுத்த நிரையில் இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று, நேர்கோட்டில். நில அளவைக்காரர்கள் முந்தின நாள் சாயங்காலம் அடித்துவிட்டுப் போனவை. அம்மா அன்று பால் எடுத்துக்கொண்டு வந்ததும் எங்களிடம் சொன்னது, "காட்டுக்குள்ள கம்பு நட்டிருக்காங்கப்பா. இது நல்லதுக்கில்ல."

ஆபீஸ் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. பலகை இருந்தது கிராணி ஐயாவின் மேசைக்குப் பின்னால். போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி, அதுவும் போக முடியாத இடத்தில். பணத்தில் குறை சொல்லமாட்டேன். 1955-ஆம் வருட வேலைச் சட்டத்தின்படி ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு எட்டு வார நோட்டீஸ். 1980-ஆம் வருட விதிகளின்படி சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் சம்பளம். அம்மாவுக்கு 17 வருடம், 340 நாள் சம்பளம். கடிதம் முறையாக வந்தது, பணமும் வந்தது. ஆனால் மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டைக் காலி செய்ய எட்டு வாரம் போதாது. கோயிலை எங்கே வைப்பது, ஆயாக் கொட்டகையில் விட்ட பிள்ளைகளை யார் பார்ப்பது, பள்ளிக்கூடத்துக்குப் பஸ் உண்டா என்றெல்லாம் விற்றவர்களும் கேட்கவில்லை, வாங்கியவர்களும் கேட்கவில்லை. தோட்டத்தை நம்பியிருந்தவை எவை என்ற பட்டியலே யாரிடமும் இல்லை.

நெகிரி செம்பிலானில் இது எங்கள் கதை மட்டுமில்லை. சிரம்பான் 2, பண்டார் ஸ்ரீ செண்டாயான், லாபு பக்கத்துப் பண்டார் என்ஸ்டெக் எல்லாம் தோட்டக்காடாகக் கிடந்த நிலங்களில் எழுந்தவை. அங்கே வீடு வாங்கிய தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு, நானே ஒருத்தி. நல்ல சாலை, நல்ல வீடு. வருத்தமில்லை. வருத்தமெல்லாம், இடிந்துபோன லயத்து முகவரி இன்னும் எத்தனையோ பேருடைய அடையாள அட்டையில் உயிரோடு இருக்கிறது என்பதுதான்.

என் சித்தப்பா நீலாயில் குடியேறி வருடங்கள் ஆகின்றன. 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலுக்கு அவர் பழைய ஊருக்குத்தான் போய் வாக்களித்தார். அவரிடம் கோபித்துக்கொண்டபோது, "ஐசியில அட்ரஸ் மாத்திட்டேனே பிள்ள, அதுவே மாறிடும்னுல்ல இருந்தேன்" என்றார். அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தானாகவே வாக்காளர் ஆகிறார்கள். அடையாள அட்டையில் இருக்கும் முகவரியை வைத்தே அவர்களுக்குத் தொகுதி அமைகிறது. 2018-இல் ஒரு கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022-இல் இரண்டு கோடியே 11 லட்சத்தைத் தாண்டியதற்கு இதுதான் முக்கியக் காரணம். அந்தப் பக்கம் செய்தி தானாகப் போகிறது. ஆனால் ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர் வீடு மாறினால், அடையாள அட்டை தரும் பதிவிலாகாவில் முகவரியை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பித்தால்தான் தொகுதி மாறும். ஓர் ஏட்டில் நடந்த மாற்றம் இன்னோர் ஏட்டுக்குத் தானாகப் போவதில்லை. நடுவில் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ஆகவே இதைப் படிக்கிற தோட்டத்துப் பிள்ளைகளே, இன்றைக்கே உங்கள் அட்டையையும் வீட்டுப் பெரியவர்களின் அட்டையையும் எடுத்துப் பாருங்கள். முகவரியில் இப்போது இல்லாத தோட்டத்தின் பெயர் இருந்தால் முதலில் பதிவிலாகாவுக்குப் போங்கள். பிறகு தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் தளத்தில் வாக்களிக்கும் இடத்தைச் சரிபார்த்து, மாற்ற விண்ணப்பியுங்கள். தொலைபேசியில் அதைப் பார்க்கத் தெரியாத அத்தையோ மாமாவோ கடைசி வீட்டில் இருப்பார். அவர் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுங்கள். கேட்டுச்சு என்று பதில் வரும்வரை கூப்பிடுங்கள்.